கொடித்தோரணம், விருப்பக் கொடி: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பாய்மரப் படகுகளில் பறக்கும் கொடிகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் நம் கலந்துரையாடலில் வந்த முன்மொழிவுகள் பற்றி எழுதுகிறேன். உரிமையாளர் தமக்கென வடிவமைத்துப் பறக்கவிடும் 'பிரைவேட் சிக்னல்' என்னும் கொடிக்குத் 'தனியார் கொடி' என்ற சொல் இங்கே முன்மொழியப்பட்டுள்ளது. 'தனியார்' என்றதும் இன்று நிறுவனமே நினைவுக்கு வருவதால் அதை என்னால் ஏற்க இயலவில்லை. இந்தக் கொடி படகு யாருடையது என்பதைத் தொலைவிலிருந்தே அறிவிக்கிறது. ஆகவே 'உரிமையாளர் கொடி' என்பதே நேரான பெயர். படகோட்டிகள் சங்கத்தின் அடையாளக் கொடியான 'பர்ஜி'க்குக் 'கழகக் கொடி' எனலாம் என்றார் ஒருவர். அந்தத் தொடர் தமிழில் அரசியல் பொருளில் ஊன்றிவிட்டது. 'மன்றக் கொடி' குழப்பம் தராது. இரண்டு பாய்மரங்கள் உள்ள படகில் மன்றக் கொடி முன்மரத்தின் உச்சியிலும் உரிமையாளர் கொடி பின்மரத்தின் உச்சியிலும் பறப்பது மரபு என்பதால், இரு பெயர்களும் தெளிவாகப் பிரிந்து நிற்க வேண்டும்.

அழகுக்காக ஏற்றும் கொடிகளுக்கு 'அலங்காரக் கொடி' என்ற முன்மொழிவில்தான் எனக்குப் பெரிய தயக்கம் இருக்கிறது. அது வெவ்வேறான இரண்டு வழக்கங்களை ஒன்றாக்கிவிடுகிறது. முதலாவது, விழா நாட்களில் அணியத்திலிருந்து (படகின் முன்முனையிலிருந்து) பாய்மர உச்சி வழியாகப் பின்புறம் வரை சைகைக் கொடிகளை வரிசையாகக் கட்டுவது. கலங்கள் கொடிகளால் செய்தி சொல்வதற்கான அனைத்துலகச் சைகைத் தொகுப்பின் 40 கொடிகளும் அதில் இடம்பெறலாம். எந்தச் செய்தியும் தற்செயலாக அமைந்துவிடாதபடி அவற்றின் வரிசை முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. நாட்டுக் கொடிகளை இந்த வரிசையில் கலப்பதில்லை. படகு நங்கூரமிட்டோ துறையில் கட்டப்பட்டோ நிற்கும்போதுதான் இதைச் செய்வார்கள். இதற்குக் 'கொடித்தோரணம்' என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது.

இரண்டாவது, விளையாட்டுக் குழுவின் சின்னமோ வேடிக்கைப் படமோ பொறித்து, பார்ப்பவர் மகிழ்வதற்காக மட்டும் ஏற்றப்படுவது. இதை 'அணிக்கொடி' என்றால் விளையாட்டு அணியின் கொடி என்றே பலரும் கொள்வர். ஏற்றுபவரின் விருப்பம் தவிர வேறெதையும் அது சொல்லாததால் 'விருப்பக் கொடி' என்கிறேன். கடலில் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. வெறும் மஞ்சள் கொடி ஒன்றை அழகுக்காக ஏற்றினால், 'என் கலத்தில் நோயில்லை, துறைமுகத்தில் நுழைய நலச்சான்று வேண்டுகிறேன்' என்று சைகைத் தொகுப்பின்படி பொருளாகிவிடும். பாய்மரத்தின் வலப்புறக் குறுக்குக் கழையும் அப்படித்தான்: அயல்நாட்டு நீர்ப்பரப்பில் அந்நாட்டுக்கு மரியாதை செலுத்தும் கொடிக்குரிய இடம் அது; அங்கே விருப்பக் கொடி பறந்தால் அவமதிப்பாகக் கருதப்படும். 'விருப்பக் கொடி' என்ற சொல்லின் விளக்கக் குறிப்பில் இவ்விரண்டு எச்சரிக்கைகளையும் சேர்க்க வேண்டும்.

பாய்மரத்தைக் 'கூம்பு' என்று சங்கப் பாடல்கள் வழங்குவதாலும், அதன்மேல் கொடி பறந்ததை அவை பாடுவதாலும், உச்சியில் ஏற்றுபவற்றுக்குப் பொதுப்பெயராகக் 'கூம்புக்கொடி' என்பதையும் முன்வைக்கிறேன். ஆனால் நாட்டுக் கொடி வழக்கமாகப் படகின் பின்புறத்தில் பறப்பதால், அதை இந்தப் பெயரின்கீழ் சேர்க்கக் கூடாது.