விரிநீளம்: தோட்டாவின் அளவுக்கு ஒரு சொல்

> பழைய துப்பாக்கிக்குப் புதிய தோட்டா ஒத்துவருமா என்று பார்க்கும் குறிப்பில் 'தோட்டா நீளம்' என்றே எழுதிவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

அப்படி எழுதினால் படிப்பவர் கையைப் பறிகொடுக்கக்கூடும். அதனால்தான் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன்.

தேவிபட்டினத்தில் எங்கள் தாத்தா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, அவருக்குப் பின் என் பெயரில் உரிமம் பெற்று வீட்டில் இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தது. குழலைக் கழற்றிக் கவிழ்த்தால் அடிப்புறத்தில் சோதனை முத்திரைகளோடு '2½' என்றும் '3 டன்' என்றும் பொறித்திருக்கிறது. முதலாவது, தோட்டா உட்காரும் அறையின் நீளம்: இரண்டரை அங்குலம், தோட்டா வழக்கில் 65 மி.மீ. என்பார்கள். அடுத்தது, சதுர அங்குலத்துக்கு எவ்வளவு அழுத்தம் வரை அந்தத் துப்பாக்கிக்கு உகந்தது என்பது.

இன்றைய தோட்டாப் பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருக்கிறது. துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் மருந்தும் ரவையும் இல்லாத மாதிரித் தோட்டாவை எடுத்து என் முன்னே அளந்தார். 58 மி.மீ.தான் இருந்தது! வாய்ப்புறம் கொழுக்கட்டை போல மடித்து மூடியிருந்தது. அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. துப்பாக்கியும் சிக்கலில்லாமல் மூடிக்கொண்டது. பிறகு சுட்டுத் தீர்ந்த ஓர் உறையை அளந்தார். மடிப்பெல்லாம் பிரிந்து, சரியாக 70.

பெட்டியில் இருப்பது இந்த இரண்டாவது அளவு. வெடிக்கும்போது மடிப்பு விரிய 70 மி.மீ. வேண்டும், அறையில் இருப்பதோ 65. மிச்சம் 5 மி.மீ. குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் போய் நெருக்கும். ரவை வெளியேறும் வாய் குறுகுவதால் அழுத்தம் ஏறுகிறது. 'உள்ளே போனது, ஆகவே பொருந்துகிறது' என்று நம்பியவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆகவே இந்த இரண்டாவது அளவை 'விரிநீளம்' என்கிறேன். வத்தைப் படகின் பாயைச் சுருட்டி வைத்திருக்கும்போது யாரும் அதன் அளவைச் சொல்வதில்லை, விரித்தால்தான் அளவு. இது வினைத்தொகை என்பதும் எனக்குப் பெரிய ஆறுதல். விரிந்த, விரிகின்ற, விரியும் என மூன்று காலமும் அதில் அடங்கும். கையில் இருக்கும் தோட்டா இனிமேல்தான் விரியப்போகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 'உறைநீளம்' என்று இன்னொருவர் முன்வைத்ததில் இந்தக் காலக்குறிப்பு இல்லை. சுடாத தோட்டாவின் உறையைக் கையில் எடுத்து அளந்தால் 58 என்றுதான் வரும்.

> இயற்பியலில் உள்ள 'நீள்விரிவு' என்பதோடு குழம்பாதா?

குழம்பாது. அது வெப்பத்தால் நிகழும் மாற்றம். இது ஓர் அளவு. விரிவு வேறு, நீளம் வேறு.

சுடுவதற்கு முந்தைய அளவை 'மடிநீளம்' என்று இணையாக வைக்க முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் எங்கள் கரையில் மடி என்றால் வலை. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை என்றாலே சண்டைதான். 'மடிப்பு நீளம்' போதும்.

குறிப்பில் வாக்கியம் இப்படி வரட்டும்: 'தோட்டாவின் விரிநீளம் அறைநீளத்தை மீறக்கூடாது.' உடனே அடுத்த வரியில், முத்திரை என்பது அது குத்தப்பட்ட நாளின் நிலையை மட்டுமே சொல்லும் என்றும் சேர்க்க வேண்டும். எங்கள் குழல் வெளியே பளபளக்கிறது. வானத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால், இடது குழலின் நடுவே உப்புக்காற்று அரித்த புள்ளிகள் தெரிகின்றன, புழு துளைத்த சங்கு மாதிரி. அந்த இடத்தில் குழலின் கனம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கருவி கொண்டு அளக்காமல் எந்தத் தோட்டாவும் போடக்கூடாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் போடவில்லை.

அறை முடிந்து குழல் ஒடுங்கும் அந்தச் சிறு பகுதிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. 'ஒடுங்குவாய்' என்று எழுதிப் பார்த்தேன். வாய் என்றால் குழலின் முன்முனையை நினைத்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. 'ஒடுக்கம்' சரிவருமா, சொல்லுங்கள்.