மனித வேட்டைப் படங்கள்: 1932ஆ, 1965ஆ?

சினிமாக்கிறுக்கன், சாட்ஸ்வொர்த்:
போன ஞாயிறு 'தி நேக்கட் ப்ரே' மறுபடி பார்த்தேன். 1965 படம். கார்னெல் வைல்ட் தானே தயாரித்து, இயக்கி, நடித்தது. நம்ம தென்னாப்பிரிக்கப் பக்கத்திலேயே எடுத்தது. தந்தத்துக்காக யானை வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரர்களில் பணம் போட்டவன், அந்தப் பகுதி மக்களுக்குப் பரிசு தர மறுத்து அவமானப்படுத்திவிடுகிறான். மொத்தக் கூட்டத்தையும் பிடித்து ஒவ்வொருவனையும் ஒரு விதமாகக் கொல்கிறார்கள். ஒருவன் உடம்பு முழுக்கக் களிமண்ணைப் பூசி நெருப்பில் சுடுவார்கள், பார்க்கவே குலை நடுங்கும். வழிகாட்டியை மட்டும் உடையை உருவி ஓடவிட்டு, பின்னாலேயே துரத்துகிறார்கள். அவ்வளவுதான் கதை. வசனம் கொஞ்சமே கொஞ்சம்.

இந்த வகையில் இதை மிஞ்ச ஒன்று வரவில்லை என்பது என் கட்சி. 1932ல் வந்த 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்'தான் எல்லாவற்றுக்கும் ஆதி என்று தூக்கிப்பிடிக்கிறவர்கள் இங்கே உண்டு. எனக்கு அது செட்டுக்குள் நடக்கிற நாடகம். மறுக்கிறவர்கள் வரலாம்.

லெனேசியா வாத்தியார்:
வந்தேன் தம்பி. செட்டுதான், யார் இல்லை என்றது? 'கிங் காங்' படத்துக்குப் போட்ட அதே காட்டு செட். பகலில் அங்கே குரங்குப் படம், ராத்திரி இந்தப் படம். நடிகை பே ரே, நடிகர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் இரண்டிலும் உண்டு. ஒரு மணிநேரத்துக்குச் சற்றே கூடுதலான படம், அதில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை.

தொடக்கத்தில் கப்பலில் ஒரு பேச்சு வருமே, ஞாபகம் இருக்கிறதா? பசிக்குக் கொல்லும் மிருகத்தைக் காட்டுமிராண்டி என்கிறோம், பொழுதுபோக்குக்குக் கொல்லும் மனிதனை நாகரிகமானவன் என்கிறோமே என்று ஒருவர் கேட்கிறார். வேட்டைக்காரக் கதாநாயகன், உலகத்தில் வேட்டையாடுபவர், வேட்டையாடப்படுபவர் என்று இரண்டே வகை, நான் முதல் வகை என்று அலட்டிக்கொள்கிறான். பேசி முடிப்பதற்குள் கப்பல் உடைகிறது. நீந்திக் கரையேறினால் ஜாரோப் பிரபுவின் கோட்டை. கதவைத் தட்டும் இரும்பு வளையத்தைப் பாருங்கள்: பாதி குதிரை, பாதி மனிதன், மார்பில் அம்பு, கையில் ஒரு பெண். வரப்போகிற படம் முழுக்க அந்த வளையத்தில் இருக்கிறது!

நான் சொல்ல வருவது இதுதான். ஜாரோப்புக்குப் பசி இல்லை, பகை இல்லை. சிங்கம் புலி எல்லாம் அலுத்துப்போனதால் மனிதனை வேட்டையாடுகிறான். காரணமே இல்லாமல் கொல்ல வருகிறவனிடம்தான் பயம் உச்சத்துக்குப் போகும். உங்கள் படத்தில் துரத்துகிறவர்களுக்கு நியாயமான கோபம் இருக்கிறது. அது வேட்டை இல்லை தம்பி, தண்டனை.

மெரிபேங்க் மருமகள்:
வாத்தியார் ஐயா பாதி தூரம் போய் நின்றுவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

அண்ணா, இந்த நாட்டில் மனித வேட்டை நிஜமாகவே நடந்தது. ஓடியவர் யார்? வெள்ளைக்காரரா? 1774ல் கேப் பகுதியில் கிளம்பிய ஜெனரல் கமாண்டோ என்ற வெள்ளைக்காரக் குடியேறிகளின் குதிரைப்படை, இந்த மண்ணின் பூர்வகுடிகளான சான் மக்களில் 500க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது. குழந்தைகளைப் பிடித்துப் பண்ணைகளில் வேலைக்கு வைத்தார்கள். டிராகன்ஸ்பெர்க் மலைப் பாறைகளில் சான் மக்கள் தீட்டிய ஓவியங்களில் மான்களோடு துப்பாக்கி தூக்கிய குதிரைக்காரர்களும் இருக்கிறார்கள். அந்த வரலாற்றை அப்படியே தலைகீழாக்கி, வெள்ளைக்காரனைப் பாவப்பட்ட மானாகவும் கறுப்பர்களை ஈட்டி தூக்கிய வேட்டைநாய்களாகவும் காட்டுகிற படத்துக்கு நாம் விசில் அடிக்க வேண்டுமா?

எடுத்த காலத்தையும் பாருங்கள். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த நேரம். நம்மாட்கள் ஒரு பயாஸ்கோப் கொட்டகையில், வெள்ளைக்காரர்கள் வேறொரு பயாஸ்கோப்பில். 1963ல் வந்த தணிக்கைச் சட்டப்படி, ஒரு படத்தை இன்ன இனத்தார் பார்க்கக்கூடாது என்றே தடுக்கலாம்.

சினிமாக்கிறுக்கன், சாட்ஸ்வொர்த்:
தங்கச்சி, சான் மக்கள் விஷயத்தில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். ஆனால் 'வேட்டைநாய்கள்' என்றதை ஒப்புக்கொள்ள முடியாது. துரத்துகிறவர்களில் ஒருவன் செத்ததும் மற்றவர்கள் நின்று அழுகிறார்களே, பார்த்தீர்களா? தொடரலாமா, திரும்பலாமா என்று அவர்களுக்குள் சண்டை வருகிறது. அவர்கள் பேச்சுக்கு அடியில் எழுத்துகூடப் போடவில்லை, முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளவேண்டும். தலைவனாக நடித்தவர் நம்ம நாட்டு கென் கம்பு. அந்தக் காலத்து ஹாலிவுட் படத்தில் கறுப்பு நடிகருக்கு இத்தனை நேரம் முகம் காட்டக் கிடைத்ததே பெரிய விஷயம்.

நீங்கள் கொண்டாடும் 1932ல் என்ன நடந்தது வாத்தியாரே? ஜாரோப்பின் ஊமை வேலைக்காரன் இவான், கதைப்படி ரஷ்யக் கொசாக் இனத்து வெள்ளைக்காரன். நடித்தவர் நோபிள் ஜான்சன், கறுப்பு அமெரிக்கர். முகத்துக்கு வெள்ளை பூசி நிற்கவைத்தார்கள். வசனமும் இல்லை.

மிட்ராண்ட் புதுசு:
நான் சென்னையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். 'நேக்கட் ப்ரே' கதையின் மூலம் ஆப்பிரிக்காவே இல்லை. ஜான் கோல்டர் என்று ஒரு அமெரிக்க வேட்டைக்காரர். 1809ல் இன்றைய மொண்டானா பக்கம் பிளாக்ஃபுட் பழங்குடியினர் அவரைப் பிடித்து, அம்மணமாக்கி ஓடவிட்டார்கள். நெருங்கி வந்தவனை அவனுடைய ஈட்டியாலேயே குத்திவிட்டு, ஆற்றில் மிதந்த கட்டைகளுக்கு அடியில் ஒளிந்து தப்பித்தார். அதைத்தான் இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அப்புறம், வேற்றுக்கிரகவாசி மனிதர்களை வேட்டையாடும் 'பிரிடேட்டர்' எல்லாம் இந்தக் கணக்கில் வராதா?

லெனேசியா வாத்தியார்:
வேற்றுக்கிரகவாசியை எல்லாம் சேர்த்தால் விவாதம் முடியாது தம்பி, அதற்குத் தனியாக ஒரு இழை திறங்கள்.

மெரிபேங்க் மருமகள்:
புதுசு தம்பி எனக்குத்தான் எடுத்துக்கொடுத்திருக்கிறார். அமெரிக்கப் பழங்குடி, ஆப்பிரிக்கப் பழங்குடி, யாராயிருந்தால் என்ன, ஈட்டி இருந்தால் போதும் என்பதுதானே அந்த மாற்றத்தின் அர்த்தம்?

'நேக்கட் ப்ரே' முடிவையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்களின் கோட்டைக்குள் நுழையும் முன் அந்த வழிகாட்டி திரும்புகிறான், அவனும் கென் கம்புவும் ஒருவருக்கொருவர் கை உயர்த்தி மரியாதை செய்கிறார்கள். அதற்கு முந்தின வருஷம், 1964ல், இதே நாட்டில் எடுத்த 'ஜுலு' படத்திலும் கடைசியில் ஜுலு வீரர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வீரத்தைப் பாடிப் போற்றிவிட்டுப் போகிறார்கள். தோற்றவன் கடைசியில் வணக்கம் வைத்தால்தான் ஜெயித்தவனுக்கு ராத்திரி தூக்கம் வரும் போல.

சினிமாக்கிறுக்கன், சாட்ஸ்வொர்த்:
கை உயர்த்துவது இரண்டு பக்கமும் நடக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதை எப்படித் தோற்றவன் வைக்கிற வணக்கம் என்பீர்கள்? இரண்டு பேரும் ஆட்களை இழந்தவர்கள். வாத்தியார் படத்தின் முடிவு அதைவிட உசத்தியா? வில்லன் ஜன்னலிலிருந்து தன் நாய்களிடமே விழுகிறான், நாயகன் நாயகியோடு படகில் கிளம்புகிறான், சுபம்.

லெனேசியா வாத்தியார்:
அந்த இடத்தில் படத்தைவிட ரிச்சர்ட் கானெல் 1924ல் எழுதிய மூலக்கதை உசத்தி, அதைச் சொல்லத் தயக்கமில்லை. கதையில் நாயகியே கிடையாது. கடைசியில் நாயகன் ஜாரோப்பைக் கொன்றுவிட்டு, அவன் படுக்கையிலேயே படுத்து நன்றாகத் தூங்குகிறான். அவன் ஊருக்குத் திரும்புவானா, தீவிலேயே தங்கி அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பானா? கானெல் சொல்லவில்லை. படம் ஒரு காதலைச் சேர்த்து அந்தச் சந்தேகத்தைத் துடைத்துவிட்டது. இருந்தாலும் வேட்டைக்காரனைப் பணக்காரனாக, படித்தவனாக, பியானோ வாசிப்பவனாகக் காட்டினார்களே, அந்த ஒன்றுக்காக என் ஓட்டு 1932க்குத்தான்.

மெரிபேங்க் மருமகள்:
அந்தப் பியானோக்காரன், ஜெயித்தால் பரிசு இவள்தான் என்று நாயகியைக் காட்டிக் கணக்குப் போடுகிறானே, அதற்கும் சேர்த்தா ஓட்டுப் போடுகிறீர்கள் ஐயா?