சோதனைக் குறுங்கதைத் தொகுப்பு: எப்படி வாசிப்பது, எதை வைத்து மார்க் போடுவது?

அரூர் வாசகர்:

வணக்கம். இந்த மாத வாசகர் வட்டக் கூட்டத்துக்கு ஒரு குறுங்கதைத் தொகுப்பை எடுத்திருக்கிறோம். மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிட்டுப் பேச வேண்டும். 112 பக்கம், 64 கதைகள். பெரியது ஒன்றரைப் பக்கம், சின்னது ஒரே வரி.

ஒரு கதையில் வெறும் அடிக்குறிப்புகள்தான். மேலே இருக்க வேண்டிய கதையைக் காணோம். ஒன்று தருமபுரி–ஒகேனக்கல் பஸ் கண்டக்டரின் கணக்குத்தாள்: இண்டூர், பென்னாகரம் என்று ஸ்டேஜ் பெயர்கள், எதிரே டிக்கெட் எண்ணிக்கை. இன்னொன்றில் உதட்டெழுத்தே (உதடு ஒட்டியோ குவிந்தோ பிறக்கும் எழுத்து) கிடையாது என்று முன்னுரை சொல்கிறது. ஒரு தலைப்புக்குக் கீழே வெற்றுப் பக்கம். அது கதையா அச்சுக் கோளாறா என்றே எங்களுக்குள் தகராறு.

சிறுகதைக்கு வைக்கும் அளவுகோல் இங்கே உதவவில்லை. ‘வித்தியாசமான முயற்சி’ என்று சொல்லிவிட்டு உட்காரவும் மனமில்லை. எந்த வரிசையில் படிப்பது? எதைப் பார்ப்பது?

ஓசூர் மெய்ப்பு:

முதலில் வேகத்தைக் குறையுங்கள். ஒரு தடவை உட்கார்ந்தால் எட்டு, மிஞ்சினால் பத்துக் கதை. குறுங்கதை ஒவ்வொன்றும் புது ஆள், புது இடம், புது விதி என்று கேட்கும். இருபதை ஒரே மூச்சில் படித்தால் கண் கடைசி வரிக்கு ஓடத் தொடங்கிவிடும். ‘பிற்பாதி சுமார்’ என்ற தீர்ப்பு பல நேரம் புத்தகத்தைப் பற்றியது அல்ல, படித்தவரின் களைப்பைப் பற்றியது. முதல் வாசிப்பு நூலின் வரிசைப்படியே இருக்கட்டும், அடுக்கியதும் ஆசிரியர் செய்த வேலைதான். இரண்டாவது வாசிப்பைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வாசிப்புக்கும் இடையில் உங்கள் கருத்து மாறிய கதைகளை மட்டும் மூன்றாம் முறை பாருங்கள்.

மறுநாள் பொருளடக்கத்தைத் திறக்காமல் நினைவில் நிற்கும் கதைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, நினைவில் நிற்பது உத்தியா, உள்ளே நடந்ததா என்றும் குறியுங்கள். வெற்றுப் பக்கம் எல்லார் பட்டியலிலும் வரும். அதனால் அது நல்ல கதையாகிவிடாது.

அடுத்தது, வடிவத்தைக் கழற்றிப் பார்ப்பது. அந்தக் கதையைச் சாதாரண உரைநடையில் நாலு வரியில் சொல்லிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் வடிவம் வெறும் ஜோடனை. பஸ் கதையையே எடுத்துக்கொள்வோம். போகும்போது இரண்டு டிக்கெட், ஒரு லக்கேஜ். வரும்போது ஒரு டிக்கெட். இவ்வளவுதான் என்றால் தேறாது. ஒகேனக்கல் என்று படித்ததுமே நம் பக்கத்து ஆள் மீதியை ஊகித்துவிடுவார். ஆனால் அந்த இருவரும் பென்னாகரம் வரைக்கும் மட்டும் டிக்கெட் எடுத்து, அங்கே போனபின் ஒகேனக்கலுக்கு மறுபடி எடுத்திருந்தால்? அந்தத் தயக்கத்தைக் கதைசொல்லி வாயால் சொன்னால் சப்பென்று இருக்கும். கண்டக்டருக்குத் தெரிந்தது மட்டும்தான் நமக்கும் தெரியும் என்ற கட்டுப்பாடு அங்கே வேலை செய்கிறது. உங்கள் கையில் இருப்பது எந்த மாதிரி என்று பாருங்கள்.

வெற்றுப் பக்கத் தகராறு எளிதில் தீரும். 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) என்றால் 112 பக்கம் சரியாக 7 பாரம். பாரத்தை நிரப்ப விடும் வெற்றுத் தாள் பெரும்பாலும் நூலின் கடைசியில்தான் வரும். நடுவில் தலைப்போடு வந்தால், பொருளடக்கத்திலும் அந்தத் தலைப்பு இருந்தால், அது வேண்டுமென்று விட்டதுதான். சந்தேகமிருந்தால் இன்னொரு பிரதியைப் புரட்டுங்கள். ஒரு பிரதியில் மட்டும் வெற்றாக இருந்தால் தாளின் ஒரு பக்கம் அச்சேறாமல் போயிருக்கும், அதே பாரத்தில் வேறு சில பக்கங்களும் காலியாக இருக்கும்.

பாலக்கோடு:

ஓசூர் சார் சொன்னது சரிதான், ஆனா கழற்றிப் பார்க்கிறது ‘நடந்தது’ இருக்கிற கதைக்குத்தான் ஒத்துவரும். ஒரு வரிக் கதையில கழற்ற என்ன இருக்கு? அதுக்குத் தலைப்பை மூடிட்டுப் படிங்க, அப்புறம் தலைப்போட படிங்க. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லன்னா தலைப்பு தண்டம். தலைப்பே முழுக் கதையையும் சொல்லிட்டா வரி தண்டம்.

இன்னொண்ணு, ஆணா பெண்ணா, மனுசனா மிருகமான்னு ஒளிச்சு வெச்சுக் கடைசில உடைக்கிற கதைகள். தமிழ்ல வினைமுற்றே காட்டிக் கொடுத்துடும், அதனால எழுதுறவங்க ‘ஆர்’ விகுதிக்குள்ள ஒளிஞ்சுக்குவாங்க. தெருவுல கோலி ஆடுற பையனுக்கு ‘வந்தார், குனிந்தார்’னு போட்டிருந்தா அங்கேயே பென்சில்ல சுழிச்சுடுங்க. தன்மையில, அதாவது ‘நான்’னு எழுதியிருந்தா ‘ஏன்’ விகுதிதான், பாலே தெரியாது, அங்க ஒளிச்சது இயல்பா இருக்கும்.

வார்த்தைக் கணக்கையும் நம்பாதீங்க. ‘நூறே சொல்’னு பெருமையா போட்டிருப்பாங்க. ‘போய்க் கொண்டு இருந்தான்’னா மூணு, ‘போய்க்கொண்டிருந்தான்’னா ஒண்ணு. இடைவெளி விடுற பழக்கத்தை வெச்சே பாதி கூடும், பாதி குறையும். அதுக்குத் தனியா மார்க் குடுக்காதீங்க.

காவேரிப்பட்டணம்:

உதட்டெழுத்து இல்லாத கதைக்கு வருகிறேன். இது புதுச் சரக்கு இல்லை. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவிகளில் (எழுத்தை வைத்து விளையாடும் செய்யுள்கள்) நிரோட்டகம் ஒன்று. ப, ம, வ கூடாது. கறாராகப் பார்த்தால் உ, ஊ, ஒ, ஓ, ஔ கூடாது. முன்னுரையை அப்படியே நம்பாமல் சோதியுங்கள். ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்து தேடும்போது ப, ம, வ என்று தேடினால் அவற்றின் உயிர்மெய்களும் அகப்படும். ஆனால் கு, சூ, தொ, நோ போன்றவை தப்பிவிடும். உகர, ஊகார, ஒகர, ஓகாரக் குறிகளைத் தனித்தனியாகத் தேட வேண்டும். குற்றியலுகரத்தில்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள்.

விதி காப்பாற்றப்பட்டது என்றதும் மதிப்பெண் போட்டுவிடாதீர்கள், அது நுழைவுச்சீட்டு மட்டுமே. இந்த விதியில் எதிர்காலம் போய்விடும், ‘செய்வான்’, ‘நிற்பான்’ இரண்டும் ஆகாது. ‘கு’ உருபு ஆகாது, அதனால் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது. அவன், அவள் இல்லை. நான், நீ, தான் உண்டு. சென்றான், நின்றான், கடித்தான் தேறும். வந்தான், போனான் தேறா. எல்லாவற்றுக்கும் மேல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நாலு வயதுக் குழந்தை வாயில் ‘அன்னை’ என்று வைத்து ஒப்பேற்றியிருந்தால் விதி கதையை நெரிக்கிறது. அம்மாவைக் கூப்பிட முடியாத ஒரு பிள்ளையின் கதையாகவே அதை அமைத்திருந்தால் விதியே கதையாகிவிடுகிறது. இதே கேள்வியை அடிக்குறிப்புக் கதைக்கும் போடுங்கள்: மேலே இல்லாமல் போன கதையிலிருந்து ஒரு வாக்கியத்தையாவது குறிப்புகளை வைத்து உங்களால் எழுத முடிகிறதா? மூவரும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே திசையில் போனால் ஆசிரியர் கணக்குப் போட்டு மறைத்திருக்கிறார். மூன்றும் மூன்று உலகம் என்றால் மறைக்க ஒன்றும் இல்லாமலே மூடியிருக்கிறார்.

சுருக்கத்துக்கு அளவுகோல் வேண்டுமானால் நம் பக்கத்து நடுகற்களைப் படியுங்கள். அரசன் பெயர், ஆட்சியாண்டு, தொறு (மாட்டு மந்தை) கொண்டவர் யார், மீட்டுப் பட்டவன் (இறந்தவன்) யார், அவ்வளவே. செங்கம் பக்கம் எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் உண்டு. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். விசுவாசம், தியாகம் என்று ஒரு சொல் கிடையாது. உங்கள் தொகுப்பில் கடைசி வாக்கியத்தை மறைத்துவிட்டுப் படித்தால் எத்தனை கதை மேம்படுகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் மேம்பட்டால் குற்றம் ஆசிரியரோடு நிற்பதில்லை, பதிப்பாசிரியர் கை வைக்கவே இல்லை என்று பொருள்.

அரூர் வாசகர்:

நன்றி. மூவரின் மார்க்கும் ஏகமாக வேறுபட்டால் சராசரி எடுக்கலாமா?

ஓசூர் மெய்ப்பு:

வேண்டாம். சோதனைக் கதைக்கு ஒருவர் 9 போடுவார், ஒருவர் 2 போடுவார். சராசரி எடுத்தால் யாரையும் உறுத்தாத கதை முதலிடம் பிடித்துவிடும். மார்க்குக்குப் பதிலாக ஆளுக்கு ஐந்து கதை, எதிர்த்துக் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லக்கூடியவை, கூட்டத்துக்கு முன் ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள். ஒத்துப்போனவற்றைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஒருவர் மட்டும் சொன்ன கதைகளுக்கு நேரம் கொடுங்கள். அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். பஸ் கதையையும் அடிக்குறிப்புக் கதையையும் மட்டும் நகலெடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள், காதால் கேட்டால் அவை விளங்காது.

தொகுப்பு மொத்தத்துக்கு ஒரு தாளில் 64 வரிசை, மூன்று பத்தி: வடிவம், யார் பேசுவது, எப்படி முடிகிறது. மூன்றாவது பத்தியில் ‘சாவு’, ‘கனவு’, ‘எல்லாம் கதைதான் என்று உடைப்பது’ எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். வடிவம் அறுபது விதமாக இருந்து முடிவு மூன்றே விதம் என்றால், கூட்டத்தில் பேச வேண்டியது அதைத்தான்.