புதுப்பிப்பு: ஊர் சுற்றும் ஆசையும் ஜியாலஜி படிப்பும்

பிளஸ் டூ முடித்ததும் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: பயணம்தான் எனக்கு உயிர், சுற்றுலா மேலாண்மை படிப்பதா, அப்பா சொல்லும் கம்ப்யூட்டர் சயின்ஸா? "ஜியாலஜியும் பாரும்மா" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். பாறைகளையும் பூமியின் வரலாற்றையும் படிக்கும் அந்த நிலவியல் படிப்பைத்தான் எடுத்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு. அவருக்கு நன்றி.

களப்பயணம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் காரை என்ற ஊருக்குப் போனோம். மழை அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் செம்மண் வெளி. ஒரு காலத்தில் அது கடலடி! குனிந்தால் பெலம்னைட் புதைபடிவத் துண்டுகள் தட்டுப்படுகின்றன; கணவாய் மீனுக்கு உறவான கடல் உயிரி, ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. கிளைனோமீட்டரை வைத்துப் பாறைப் படுகை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று அளக்கப் பழகினேன். இதற்கு முன் எந்த ஊரையும் நான் இவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை.

ஆனால் இது சுற்றுலா இல்லை. உச்சி வெயிலில் ஒரே பாறை முகப்பின் முன் அரை நாள் நின்று குறிப்பெடுக்க வேண்டும். அது பிடிக்காதவர்கள் வரவேண்டாம்.

அப்பாவைச் சம்மதிக்க வைத்தது வேலைவாய்ப்பு. எம்.எஸ்சி. முடித்தால் யூ.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தில் சேர்ந்தால் நாட்டின் எந்த மூலையிலும் களப்பணி கிடைக்கலாம். என் இலக்கு அதுதான்.

கல்லூரி கேட்டவர்களுக்கு: சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் ஜியாலஜி துறை உண்டு. சேருமுன் களப்பயணம் எங்கே, எத்தனை நாள் என்று சீனியர்களிடம் கேளுங்கள்.