தோல்விக்குப் பிறகு அணியை எழுப்புவது எப்படி? – ஒரு கிளை முகாமையாளரின் கேள்வி

கேள்வி (ஹட்டன்):

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் உள்ள ஒரு நிதி நிறுவனக் கிளைக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் முகாமையாளராகப் பொறுப்பேற்றேன். என்னோடு ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். சம்பள நாளை ஒட்டித் தோட்டங்களுக்கு நேரே சென்று சிறு சேமிப்புக் கணக்குகளைத் திறக்கும் திட்டம் ஒன்றை வகுத்து, இளம் உத்தியோகத்தர் இருவரை மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் அனுப்பினேன். முதல் மாதம் எதிர்பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை. மாதாந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவர்களிடம் காரணம் கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் கிளையில் ஒருவரும் புதிதாக எதையும் சொல்வதில்லை.

தொழில்முறை விளையாட்டு அணிகள் ஆயிரக்கணக்கானோர் பார்க்கத் தோற்கின்றன. இருந்தும் அடுத்த ஆட்டத்தில் துணிந்து இறங்குகின்றன. அணித்தலைவர்கள் அதை எப்படிச் சாதிக்கிறார்கள்? உற்சாகமூட்டும் வாசகங்களை விட, நடைமுறையில் பயன்படும் அனுபவங்களையே எதிர்பார்க்கிறேன்.

பதில் (பண்டாரவளை):

தம்பி, நான் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். 1996 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். முதல் 15 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்கள் மட்டுமே நிற்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, தொடக்க ஆட்டக்காரர்களான ஜயசூரியவும் களுவிதாரணவும் ஆரம்பத்திலிருந்தே அடித்தாட வேண்டும் என்பது அர்ஜுன ரணதுங்க தலைமையிலான இலங்கை அணி வகுத்த திட்டம். கல்கத்தா அரையிறுதியில் இருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தார்கள். அதற்காகத் திட்டத்தை யாரும் கைவிடவில்லை. லாகூர் இறுதி ஆட்டத்திலும் அதே இருவர்தான் முதலில் இறங்கினார்கள். 23 ஓட்டங்களுக்குள் மீண்டும் இருவரும் ஆட்டமிழந்தார்கள். ஆனாலும் கிண்ணம் நம்முடையதாயிற்று.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அந்த இருவரும் அவ்வளவு துணிந்து ஆட முடிந்ததற்குக் காரணம், அவர்களுக்குப் பின்னால் குருசிங்கவும் அரவிந்த டி சில்வாவும் ரணதுங்கவும் மஹாநாமவும் காத்திருந்ததுதான். கல்கத்தாவில் 47 பந்துகளில் 66 ஓட்டங்களும், லாகூரில் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் எடுத்து அரவிந்த அந்தச் சுமையைத் தாங்கினார். நீங்கள் இருவரை மலைக்கு அனுப்பினீர்கள். அவர்கள் வெறுங்கையோடு திரும்பினால் கிளையின் இலக்கை யார் ஈடுசெய்வது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தீர்களா? அந்த ஏற்பாடு இல்லாதபோது, அவர்களிடம் துணிவைக் கேட்டது நியாயமாகாது.

பதில் (தலவாக்கலை):

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. விளையாட்டு அணிக்கு ஆட்ட நாள்களை விடப் பயிற்சி நாள்களே அதிகம். நமக்கோ ஒவ்வொரு நாளும் ஆட்ட நாள்தான். நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், எடை போட்ட கொழுந்து மாலையில் வந்து சேர்ந்தால், இரவெல்லாம் வாட வேண்டும். வாட்டம் பிழைத்தால் இரவு வேலைக்காரர் பகல் வேலைக்காரரைச் சொல்வார். பகல் வேலைக்காரர் கொழுந்து ஈரமாக வந்தது என்பார். காலையில் ஆட்கள் கூடும் பிரட்டில் வேலை பிரித்துக் கொடுப்பதோடு சரி, நேற்று நடந்ததைப் பேச அங்கே நேரமில்லை.

ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் ஒன்றாக அமர்ந்து ஆராயும் வழக்கத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம். வேலை மாறும் நேரத்தில் பத்து நிமிடங்கள் பேசுகிறோம். பொறுப்பிலுள்ளவர் முதலில் தன் தவறைச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே விதி. முதல் இரண்டு வாரங்கள் வாய் திறந்தவன் நான் மட்டும்தான். மூன்றாவது வாரம் வாட்டும் பகுதியில் வேலை செய்யும் அக்கா ஒருவர், மின்விசிறியைத் தாமதமாகப் போட்டதைத் தாமாகவே சொன்னார்.

பதில் (கண்டி):

எங்கள் ஊரில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர் முரளிதரன் பந்தை எறிகிறார் என்று 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் ஏழு முறை நோ போல் (செல்லாத பந்து) அறிவித்தபோது, ரணதுங்க அவரை ஒதுக்கி வைக்கவில்லை; மறுமுனைக்கு மாற்றிப் பந்து வீச வைத்தார். 1999இல் அடிலெய்டில் மீண்டும் அப்படி நடந்தபோது அணியையே எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று, அதற்கான ஒழுங்கு விசாரணைக்கும் தாமே முகங்கொடுத்தார். அந்த முரளி பின்னர் 133 டெஸ்ட்களில் 800 விக்கெட்டுகளை எடுத்தார். மேலிடத்திலிருந்து அழுத்தம் வரும்போது முகாமையாளர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் ஊழியர்கள் பார்க்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் நீங்கள் அந்த இருவரின் பக்கம் நிற்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்தை 60 ஓட்டங்களுக்குச் சுருட்டிய ரங்கன ஹேரத், 3 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 5 விக்கெட்டுகள் எடுத்தார். அதற்கு முன் அந்தத் தொடரில் அவர் ஓர் ஆட்டத்திலும் இறங்கியதில்லை. அணித்தலைவர் சந்திமாலோ, ஒரு போட்டித் தடை முடிந்த பின்னரும் அரையிறுதியிலும் இறுதியிலும் விளையாடாமல் ஒதுங்கியிருந்தார். மாலிங்கவின் தலைமையில் கிண்ணம் கிடைத்தது. உங்கள் கிளையில் கருமபீடத்தை விட்டு வெளியே அனுப்பப்படாதவர் யார், தோட்டத்து மக்களோடு உங்களை விட நன்றாகப் பேசக்கூடியவர் யார் என்று பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால் இந்தத் திட்டத்தை அவரிடமே ஒப்படையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கருமபீடத்தில் இருக்கும் தங்கை ஒருவர் பொகவந்தலாவைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டத்தின் இலக்கை நிர்ணயித்தது நானே என்பதையும், சம்பள நாளுக்கு மறுநாள் கடன் தவணைகளே முதலில் போகும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலில் சொல்லப்போகிறேன். அடுத்த இரண்டு மாதங்களுக்கு அந்த இருவரின் இலக்கில் பாதியை என் பெயரில் எழுதிக்கொள்கிறேன்.