டிஸ்டாட்காம்: நியூட்ரலே இல்லை, மூன்றாம் ஹார்மோனிக் எப்படி வருகிறது?

அரைச்சுற்று (கேள்வி):
ஒரு மாதமாகச் சின்ன டிஸ்டாட்காம் (லோடு எப்படி இழுத்தாலும் சோர்ஸ் கரண்ட் சமமான சைனாக இருக்கும்படி ஈடுகட்டும் கன்வர்ட்டர்) ஒன்றோடு மல்லுக்கட்டுகிறேன். 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூன்று கம்பி. டிசி பக்கம் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அதை 700 வோல்ட்டில் நிறுத்த ஒரு பிஐ கண்ட்ரோலர் (வோல்டேஜ் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துத் திருத்துவது). சோர்ஸ் கரண்டின் அளவும் அதன் அவுட்புட்தான். லோடு ஏறும்போது டிசி ரொம்ப இறங்கியதால் அதன் கெயினை, அதாவது திருத்தும் வேகத்தை, கூட்டினேன். சம லோடு என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு ஃபேஸுக்கு நடுவே மட்டும் ஹீட்டரை மாட்டினால் சோர்ஸ் கரண்டில் 150 ஹெர்ட்ஸ் (50-இன் மூன்று மடங்கு, அதாவது மூன்றாம் ஹார்மோனிக்) தலைகாட்டுகிறது. நியூட்ரல் இல்லாமல் மூன்றாம் ஹார்மோனிக் ஓடாது என்று நம்பி, கரண்ட் சென்சார் மூன்றையும் கழற்றி மாற்றினேன். அதே 150.

பழைய சாக்:
பாவம் சென்சார்கள்! டிசி வோல்டேஜை ஸ்கோப்பில் ஏசி கப்ளிங்கில் (நிலையான டிசியை நீக்கி, அலையை மட்டும் காட்டும் அமைப்பில்) பாருங்கள். சமமில்லாத லோடு என்றால் அங்கே 100 ஹெர்ட்ஸ் அலை இருக்கும். கெயின் கூடியதும் அது பிஐ வழியாக நுழைந்து கரண்டின் உயரத்தையே ஆட்டுகிறது. 50 ஹெர்ட்ஸ் சைனை 100 ஹெர்ட்ஸால் பெருக்கினால் 50-ம் 150-ம் வரும்.

நியூட்ரல் கதை, மூன்று ஃபேஸிலும் ஒரே கோணத்தில் வரும் மூன்றாம் ஹார்மோனிக்குக்குத்தான். இங்கே பெருக்குவது ஒரே அலை, பெருக்கப்படும் சைன்கள் 120 டிகிரி தள்ளி. அதனால் 150-ம் 120 டிகிரி தள்ளியே வரும். கூட்டினால் பூஜ்யம், நியூட்ரல் தேவையே இல்லை. நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில் இரண்டு வாரம் தொலைத்தவன்.

பிஐக்கு முன்னால் 10 மில்லிசெகண்ட் சராசரி போடுங்கள். 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் காணாமல் போகும்.

அரைச்சுற்று:
போட்டேன், 150 போய்விட்டது! ஆனால் லோடு மாறினால் டிசி ஊஞ்சலாடுகிறது.

பழைய சாக்:
ஆடத்தான் செய்யும். சராசரி எடுத்தால் தாமதம் வரும், பழைய கெயின் அதற்குத் தாங்காது. லூப்பின் பேண்ட்விட்த் (எவ்வளவு வேகமான மாற்றம்வரை அது பின்தொடரும் என்பது) 10, 15 ஹெர்ட்ஸுக்கு வரும்வரை கெயினைக் குறையுங்கள்.

மின்காந்தி:
குறைத்தால் டிசி மறுபடி இறங்குமே? அதற்குப் பிஐயை நம்பாதீர்கள். லோடு பவரை அரைச் சுற்றுக்குச் சராசரி எடுத்து, அதற்கான கரண்டை நேராகச் சோர்ஸ் கரண்டின் ரெஃபரன்ஸில் (இலக்கு அளவில்) கூட்டிவிடுங்கள். இழப்பை ஈடுகட்டுவது மட்டும் பிஐயின் வேலை. கெப்பாசிட்டரில் 539 ஜூல் இருக்கிறது. 5 கிலோவாட் திடீரென்று ஏறி, முழு 10 மில்லிசெகண்டும் அதுவே கொடுத்தாலும் 50 ஜூல்தான் போகும்; 667 வோல்ட்டில் நிற்கும். 400 வோல்ட் லைனின் உச்சம் 566, ஆகவே கன்வர்ட்டர் கட்டுப்பாட்டை இழக்காது.

அரைச்சுற்று:
இறக்கம் 671-இல் நின்றது. பழைய சென்சார்கள் மூன்றும் நல்ல நிலையில் மேசையில் கிடக்கின்றன.