சந்தேகம் போதுமா, கணக்கு வேண்டுமா? அல்-பரகாத் விவகாரம்

இளமாறன்_துறைமுகம்:
தீவிரவாதக் குழுக்களுக்குப் பணம் போகும் வழிகளில் கம்பெனி முக்கியமானது. அல்-காய்தா தலைவர் பின்லேடன் 1991 முதல் 1996 வரை சூடானில் இருந்தபோது வாடி அல்-அகீக் என்று ஒரு தலைமை நிறுவனம், சாலை போட அல்-ஹிஜ்ரா, விவசாயத்துக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று என்று வைத்திருந்தார். 2001 அக்டோபரில் ஏமன் தேன் கடைகளைக்கூட பின்லேடனோடு தொடர்பு என்று சொல்லி அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. சந்தேகம் வந்ததும் முடக்க வேண்டும், விசாரணை பிறகு. குண்டு வெடித்த பிறகு ஆதாரம் கிடைத்து யாருக்கு லாபம்?

தோஹா_பஷீர்:
இளமாறன் அண்ணே, நீங்கள் சொல்வதை அப்படியே செய்து பார்த்த கதை ஒன்று இருக்கிறது. சோமாலியாவின் அல்-பரகாத். 1991-ல் அரசு கவிழ்ந்தபின் அந்த நாட்டில் அப்போது ஒழுங்கான வங்கியே இல்லை. வெளிநாட்டில் உழைத்தவன் அனுப்பிய பணம் இந்த நிறுவனம் வழியாகத்தான் பெரும்பாலும் வீட்டுக்குப் போனது. டெலிபோன் சேவையும் அவர்களிடம் இருந்தது. 2001 நவம்பர் 7 அன்று அமெரிக்கா அதை அல்-காய்தாவின் நிதிக் கிளை என்று அறிவித்து, பாஸ்டன், மினியாபொலிஸ், சியாட்டில் அலுவலகங்களில் சோதனை போட்டு, கணக்குகளை முடக்கியது. அதே மாதம் சோமாலியாவின் இணைய இணைப்பும் போயிற்று. வளைகுடாவில் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள்வழியாக, பணம் போட்டு, "கைக்கு வந்துச்சா?" என்று வீட்டுக்கு போன் அடித்தவர்களுக்கு அந்த மாதம் அங்கே எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இளமாறன்_துறைமுகம்:
பஷீர், அப்பாவிகளின் பணமும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பேரின் நல்ல பணத்துக்கு நடுவில் கெட்ட பணத்தைக் கலந்து அனுப்புவதுதானே இவர்கள் உத்தி?

தோஹா_பஷீர்:
கலந்ததா என்று தேடினார்களே! அமெரிக்கப் புலனாய்வாளர்கள் அமீரகத்துக்கே போய் அந்த நிறுவனத்தின் ஏடுகளைப் புரட்டினார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணைக்குழுவின் நிதி ஆய்வு, அல்-பரகாத்துக்கும் அல்-காய்தாவுக்கும் இருந்ததாகச் சொன்ன பணத் தொடர்புக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் முடிந்தது. பாஸ்டனில் ஒருவர் தண்டிக்கப்பட்டார், அதுவும் உரிமம் இல்லாமல் பணம் அனுப்பிய குற்றத்துக்காக. அந்தத் தாக்குதலில் விமானம் கடத்தியவர்களுக்கு அமீரகத்திலிருந்து பணம் எங்கே வந்தது தெரியுமா? ஃபுளோரிடாவில், சன்டிரஸ்ட் வங்கியில், அவர்கள் சொந்தப் பெயரிலேயே திறந்த கணக்குக்கு.

ஆடிட்டர்_ரகுநாதன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இளமாறன் சார் சொன்ன சூடான் உதாரணத்தையே இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அந்தக் கம்பெனிகள் பெரும்பாலும் லாபம் பார்க்கவில்லை. அல்-காய்தாவுக்குப் பணம் முக்கியமாக நன்கொடையாளர்களிடமிருந்தும், அறக்கட்டளைகளிலிருந்து திருப்பிவிடப்பட்டதாகவும்தான் வந்தது. தாக்குதலுக்கு முன் ஆண்டுக்கு சுமார் 3 கோடி டாலர் என்பது ஆணைக்குழு தந்த மதிப்பீடு. பின் கம்பெனி எதற்கு? ஆட்களுக்குச் சம்பளச் சீட்டு, பயணத்துக்குக் காரணம், சரக்கு இறக்க ஒரு பெயர். கென்யா, தான்சானியாவில் அமெரிக்கத் தூதரகங்களில் 1998-ல் குண்டு வெடித்ததற்காக 2001-ல் நியூயார்க்கில் நடந்த வழக்கில், குழுவிலிருந்து விலகிய ஜமால் அல்-ஃபத்ல் கொடுத்த சாட்சியத்திலும் இது வருகிறது. வரவை மட்டும் பார்த்தால் முகமூடிக் கம்பெனி பிடிபடாது. செலவுப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

இளமாறன்_துறைமுகம்:
ரகு சார், அதைத் திறக்கத்தான் முடக்கச் சொல்கிறேன். முடக்காவிட்டால் ஏடு ராத்திரியோடு ராத்திரியாக எரிந்துவிடும்.

ஆடிட்டர்_ரகுநாதன்:
லெபனான் வழக்கைப் பாருங்கள் சார். அமெரிக்காவில் பழைய கார்களை வாங்கிக் கப்பலில் மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினுக்கு அனுப்பி, விற்ற காசோடு போதைப்பொருள் காசைச் சேர்த்து லெபனானுக்குக் கொண்டுபோய், அதில் ஒரு பங்கு அங்குள்ள ஆயுதக் குழுவான ஹிஸ்புல்லாவுக்குப் போனது என்பது 2011-ல் அமெரிக்கா வைத்த குற்றச்சாட்டு. எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கார் வியாபாரிக்கு எவ்வளவு போனது என்று வழக்கு மனுவிலேயே இருந்தது. அந்த வழக்கில் சிக்கிய லெபனீஸ் கனடியன் வங்கி தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே 2013-ல் 10.2 கோடி டாலர் கட்டியது. அங்கே கையில் கணக்கு இருந்தது. அல்-பரகாத்தில் முதலில் பெயர், பிறகுதான் தேடல்.

தோஹா_பஷீர்:
சுவீடனில் இருந்த அல்-பரகாத் அறக்கட்டளை வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். என்ன ஆதாரம் என்று தெரிவிக்காமல், அவர்கள் பதிலைக் கேட்காமல் சொத்தை முடக்கியது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008 செப்டம்பர் 3 அன்று தீர்ப்பளித்தது. ஏழு வருஷம் ஆகியிருந்தது அண்ணே.

இளமாறன்_துறைமுகம்:
அதே தீர்ப்பு அன்றைக்கே பணத்தை விடுவிக்கவில்லையே. குறையைச் சரிசெய்ய மூன்று மாதம் வரை முடக்கத்தை நீட்டித்தது. விடுவித்தால் பணம் கைமாறிவிடும் என்ற பயம் நீதிபதிகளுக்கும் இருந்தது. நான் கேட்பதும் அவ்வளவுதான். முடக்குங்கள், கெடு வையுங்கள், கெடுவுக்குள் ஆதாரத்தைக் காட்டுங்கள்.

தோஹா_பஷீர்:
கெடு வைப்பதற்கு நானும் சம்மதம். ஆனால் முதலாளியின் கணக்கை முடக்குங்கள், மாதாமாதம் வீட்டுக்குப் போகும் 100 டாலரை வேறு வழியில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டு முடக்குங்கள். சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் அந்த ஏற்பாட்டை யாருமே செய்யவில்லை.